வீட்டு விஎச்எஸ் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற ஒரு யூஎஸ்பி கேப்சர் கருவி போதுமா? நேரடியாக டிவிடியில் பதிந்து வைத்தால் என்ன?

யூஎஸ்பி கருவி தேவைதான். ஆனால் அதைவிட முக்கியம் கேசட்டை ஓட்டும் பிளேயர். எங்கள் குடும்பத்துக் கேசட்டுகளை எல்லாம் மாற்றி முடித்தவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன். கேப்சர் கருவிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் சிறியது, பிளேயர்களுக்குள் இருப்பது மிகப் பெரியது.

ஒரே கேசட்டை இரண்டு பிளேயர்களில் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஆட்களுக்குப் பின்னால் இருந்த கதவு நிலை நெளிந்துகொண்டே இருந்தது, படத்தின் மேல் ஓரம் வலப்பக்கமாக வளைந்து போனது. இன்னொன்றில் அதே நிலை நேராக நின்றது. காரணம் இதுதான்: நாடா காலப்போக்கில் இழுபட்டும் சுருங்கியும் போவதால், படத்தின் ஒவ்வொரு வரியும் வர வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்போ பின்போ வருகிறது. பழைய குழாய் டிவி இதைச் சமாளித்துக்கொள்ளும். கேப்சர் கருவி சமாளிக்காது. டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி என்ற சுற்று அந்த வரிகளை நினைவகத்தில் வாங்கி, சரியான நேரத்தில் வெளியே விடும். சில உயர்ரக எஸ்-விஎச்எஸ் (விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை) பிளேயர்களில் இது உள்ளேயே இருக்கும். அது கிடைக்காவிட்டால் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை நடுவில் இணைத்துப் பாருங்கள். எதையும் பதிய வேண்டாம், சிக்னல் அதன் வழியாகக் கடந்து போனாலே போதும். சில மாடல்களில் படம் கண்கூடாக நேராகும்.

தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்வதற்கும் பிளேயர்தான் காரணம். கடைசியாக விசிஆர், அதாவது விஎச்எஸ் பிளேயர், தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பது எல்லாமே பழையது, நாடாவைப் படிக்கும் ஹெட் தேய்ந்துகொண்டிருப்பது.

கேசட்டைப் போடும் முன் அதன் ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை, அந்தக் கேசட்டை ஓட்டவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவற்றில், முதுகுப் பக்கம் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேலே எதுவும் பதிவாகாது. பல வருடம் ஓடாத கேசட் என்றால் ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள், இறுக்கம் சமமாகும். ஹெட்டைத் துடைக்கக் காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், இழை மாட்டிக்கொள்ளும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை, ஹெட் பதிந்திருக்கும் உருளையான டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும்.

இணைப்புக்கு, பிளேயரில் எஸ்-வீடியோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் போவதால் வழக்கமான மஞ்சள் வீடியோ பின்னைவிட ஓரங்கள் சுத்தமாக இருக்கும். ஒலியையும் அதே கேப்சர் கருவி வழியாகவே எடுங்கள். கணினியின் சவுண்ட் கார்டு வழியாகத் தனியே எடுத்தால், ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் உதடும் குரலும் ஒட்டாமல் போகலாம். ஒலியில் கரகரவென்று சத்தம் வந்தால், பிளேயரின் ஆடியோ அமைப்பை ஹை-ஃபையிலிருந்து நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் உள்ள மோனோ தடத்தில் அதே குரல் தெளிவாக இருக்கக்கூடும். எனக்குப் படத்தைவிடக் குரல்தான் பெரிது, அதனால் ஒவ்வொரு கேசட்டிலும் இரண்டு தடங்களையும் கேட்டுப் பார்த்தேன்.

சரி, எந்த வடிவத்தில் பதிவது? இந்தியாவில் வழக்கமான பால் (PAL) முறைக் கேசட் என்றால் 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவில் வழக்கமான என்டிஎஸ்சி (NTSC) என்றால் 720 × 480, 29.97. முதல் பதிவை ஹஃப்ஒய்யூவி போன்ற இழப்பில்லாத கோடெக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் முறையில்) எடுங்கள், வெர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளே போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும், ஹார்ட் டிஸ்க்கில் இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேப்சர் ஓடும்போது தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கையில் ஒரு கண் இருக்கட்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், இதில் குறுக்கு வழி கிடையாது.

அப்புறம்தான் எம்பி4. பழைய வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமும் நேரத்தால் சற்று விலகிய இரண்டு பாதிகளால் ஆனது. அப்படியே விட்டால், வேகமாக அசையும் கையின் ஓரம் கணினித் திரையில் சீப்புப் பல் போலப் பிளந்து தெரியும். இந்தப் பாதிகளை முழுப்படங்களாக்கும் வேலைக்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். அதைச் செய்யும்போது பால் கேசட்டை 25 ஃபிரேமாகக் குறைக்காமல் 50 ஆக விரியுங்கள். ஓடிவரும் குழந்தையின் அசைவு அன்று டிவியில் பார்த்த அதே வழுவழுப்போடு வரும். பலர் இதைச் செய்யாமல் அசைவில் பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

டிவிடியைப் பொறுத்தவரை, உறவினர்களுக்குக் கொடுக்கத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதை மட்டும் மூலப் பிரதியாக வைக்காதீர்கள். 4.7 ஜிபியில் இரண்டு மணி நேரத்தை அடக்க டிவிடியின் சுருக்கும் முறையான எம்பெக்-2 நிறையவே நசுக்குகிறது, பிற்பாடு திருத்த எதுவும் மிஞ்சாது. வீட்டில் எழுதும் வட்டின் சாயப் படலமும் வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கக்கூடியது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

உங்களிடம் கேம்கோடரில் போடும் சின்ன மினிடிவி (MiniDV) கேசட்டும் இருந்தால் அதற்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அது ஏற்கெனவே டிஜிட்டல், ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிள் வழியாக மணிக்குச் சுமார் 13 ஜிபி என்று அப்படியே நகலெடுக்கலாம். 8 மிமீ, ஹை8 கேசட் வைத்திருப்பவர்கள் சோனியின் டிஜிட்டல்8 கேமரா கிடைக்குமா என்று தேடுங்கள். அதில் பல மாடல்கள் அந்தப் பழைய நாடாவையும் ஓட்டி ஃபயர்வயரில் அனுப்பும்.

முதலில் முக்கியமில்லாத ஒரு கேசட்டில் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். மாற்றிய கோப்பை ஆரம்பம் முதல் முடிவுவரை ஓடவிட்டுப் பார்க்காமல் கேசட்டை வீசிவிடாதீர்கள். லேபிளில் கையால் எழுதியிருப்பதையும் ஒரு படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள், யார் யார் இருக்கிறார்கள் என்பது பல நேரம் அங்கே மட்டும்தான் எழுதியிருக்கும்.