பழைய வீட்டு விறாந்தைத் தூணையும் சுவரோடு ஒட்டிய அரைத்தூணையும் ரெவிற் (Revit) என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் எப்படி மொடல் செய்வது?

அரைத்தூணுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கோடு விழுகிறது, பூச்சு இரண்டாகப் பிரிந்து தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் வைத்தது ஸ்ரக்சரல் கொலமாக, அதாவது சுமை தாங்கும் தூணாக இருக்கும். அதை எடுத்துவிட்டு, தோற்றத்துக்கு வைக்கிற ஆர்கிடெக்சரல் கொலம் வையுங்கள். அது சுவரோடு சேர்ந்ததும் சுவரின் மெற்றீரியலை எடுத்துக்கொள்ளும், சுவரின் பூச்சு அடுக்கும் தூணைச் சுற்றி வந்துவிடும். ஸ்ரக்சரல் கொலத்துக்கு அந்தக் குணம் இல்லை. தூண் ஃபமிலிக்கு, அதாவது தூணின் வடிவம் உள்ள மாதிரிக் கோப்புக்கு, தனியாக மெற்றீரியல் கொடுக்காமல் விடுங்கள், சுவரை விட்டு மூன்று அங்குலம் வெளியே தெரிகிற மாதிரி நகர்த்துங்கள், அவ்வளவுதான்.

விறாந்தைத் தூண்தான் பொறுமை கேட்கிற வேலை. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் நடுமுற்றம் வைத்த ஒரு நாற்சார் வீட்டைத் திருத்த முதன்முதலாக வரைந்தபோது தூணின் அடியை மட்டும் அளந்து, அதே விட்டத்தில் மேலே வரை நேராக இழுத்துவிட்டேன். முப்பரிமாணப் படத்தைப் பார்த்த அந்த வீட்டு ஐயா, "இது எங்கட தூண் இல்லைத் தம்பி, பைப் நட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

அடுத்த நாள் நூலோடு போனேன். அடியில் சுற்றளவு 44 அங்குலம், மூன்றிலொரு பங்கு உயரத்திலும் அதே 44, கழுத்தில் 37. 3.14 ஆல் வகுத்தால் கீழே 14 அங்குல விட்டம், மேலே 12க்குச் சற்றுக் குறைவு. உயரம் எட்டடிக்குக் கொஞ்சம் மேல், அதாவது அடிவிட்டத்தைப் போல ஏழு மடங்கு. ஐரோப்பிய மரபில் டஸ்கன் தூணுக்குச் சொல்லும் கணக்கும் இதே ஏழுதான், கழுத்து ஆறில் ஐந்து பங்காகச் சுருங்குவதும் அந்த மரபில் உள்ளதுதான். கையால் சாந்து பூசிய மேசன் இதை எங்கே பழகினாரோ, பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஆகவே கொலம் ஃபமிலி ஒன்றைத் திறந்து, தூணின் பாதி வெட்டுமுகத்தை வரைந்து ரிவோல்வ் செய்யுங்கள், அதாவது நடு அச்சைச் சுற்றிச் சுழற்றுங்கள். கீழ் மூன்றிலொரு பங்கு நேர்கோடு, அதற்கு மேல் மெல்லிய வளைவு. இரண்டும் சேருமிடத்தில் முறிவு தெரியக்கூடாது. அடிவிட்டத்தையும் கழுத்து விட்டத்தையும் பரமீற்றராக, அதாவது பிறகு மாற்றக்கூடிய அளவாக வையுங்கள், ஏனென்றால் பழைய வீட்டில் பக்கத்துப் பக்கத்துத் தூண்களே அரை அங்குலம் வித்தியாசப்படும். அரைத்தூணின் தலைக்கும் அடிக்கும் உள்ள விளிம்புப் பட்டைகளை ஃபமிலிக்குள்ளேயே மூன்று பக்கமும் ஸ்வீப் செய்தால், அதாவது பட்டையின் வெட்டுமுகத்தை விளிம்பு வழியே இழுத்தால் போதும்.

அப்புறம், புதுவீட்டில் பழைய பாணித் தூண் என்றால் உள்ளே சுமை தாங்குகிற கொங்கிறீற் தூண் இருக்கும். அங்கே இரண்டும் வேண்டும்: உள்ளே ஸ்ரக்சரல் கொலம், அதைப் போர்த்தியபடி ஆர்கிடெக்சரல் கொலம். ஸ்ரக்சரல் கொலத்தை வைக்கும்போது திரையின் மேலே உள்ள தெரிவில் டெப்த் என்று இருந்தால் ஹைற் என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் தூண் நிலத்துக்குக் கீழே இறங்கி நிற்கும்.