தம்பிக்குக் குடிநோயா, மனச்சோர்வா?

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குகிறேன். பல மாதங்களாகக் குடித்துவிட்டு அழுதுகொண்டிருந்த உங்கள் தம்பி, சென்ற வாரம் உங்களை உட்காரவைத்து, வங்கிப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்து, "எல்லாம் இதில் இருக்கிறது அக்கா, நீ எதற்கும் அலைய வேண்டாம்" என்று சொன்னதாகவும், அன்றிலிருந்து அவர் அமைதியாக இருப்பதால் உங்களுக்குச் சற்று நிம்மதி என்றும் எழுதியிருக்கிறீர்கள். கல்லீரலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு இதற்கு நான்கு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தவை அந்த நான்கு வரிகளே.

நெடுநாள் மனச்சோர்வில் இருக்கும் ஒருவர் காரணம் தெரியாமல் திடீரென அமைதியாவதும், பொறுப்புகளை ஒப்படைப்பதும், விடைபெறுவதுபோல் பேசுவதும், தற்கொலை எண்ணம் முடிவாகவே மாறியிருக்கலாம் என்பதைக் காட்டும் அறிகுறிகள். தெளிவாக இருக்கும் வேளையில் அவரைத் தடுத்து நிறுத்தும் தயக்கத்தையும் மது கரைத்துவிடும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. ஆகவே இன்றே அவர் அருகில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, ஒரு நிமிடமும் தனியே விடாமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். "இல்லை" என்று சொன்னாலும் நாளைக்குள் மனநல மருத்துவர் அவரைப் பார்த்தாக வேண்டும். சீட்டில்லாமல் அவர் வாங்கி வைத்திருக்கும் தூக்க மாத்திரைகளை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். ஆனால் மதுவை ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதீர்கள். அதற்குக் காரணம் உண்டு.

காலையில் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் குடிக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நரம்புத் தளர்ச்சி இல்லை. இரவு குடித்த மது இறங்கும்போது, அதற்குப் பழகிப்போன மூளை காட்டும் பதற்றம். இந்த நிலையில் இருப்பவர் வைராக்கியத்தோடு "திங்கள்கிழமை முதல் ஒரு சொட்டும் தொட மாட்டேன்" என்று தானாக நிறுத்தினால், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் ஆள் அடையாளம் தெரியாத பிதற்றலும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் அதற்கான மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, சில நாட்களில் பாதுகாப்பாக இதைக் கடக்கவைக்க முடியும்.

குடியால் மனச்சோர்வா, மனச்சோர்வால் குடியா என்று கேட்கிறீர்கள். இரண்டும் நடக்கும். மது முதல் சில மணி நேரம் பாரத்தை இறக்கிவைப்பதுபோல் காட்டிவிட்டு, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்து, விடியும்போது முன்னைவிட அதிகமான பதற்றத்தோடும் குற்ற உணர்வோடும் எழுப்பிவிடுகிறது. அதைத் தணிக்க மாலையில் மறுபடியும் குடி. குடியால் மட்டுமே வந்த சோர்வு, குடியை நிறுத்திய 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் விலகிவிடும். ஆனால் உங்கள் தம்பி குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே, கல்லூரி நாட்களில், பல வாரம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்திருக்கிறார். எனவே அவருடைய மனச்சோர்வு தனியொரு நோயாகவே இருக்க வாய்ப்பு அதிகம். "முதலில் குடியை விட்டுவிட்டு வா, பிறகு மனதைப் பார்க்கலாம்" என்று ஒரு மருத்துவர் திருப்பி அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றை விட்டுவைத்தால் அது மற்றொன்றைத் திரும்ப இழுத்துவரும். இரண்டுக்கும் ஒரே குழு ஒரே காலத்தில் சிகிச்சை தருவதே முறை: மனச்சோர்வுக்கு மருந்தும் உளவியல் ஆலோசனையும், குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரோசேட் போன்ற மருந்து. மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் "பயனில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். அது போதைக்கு அடிமையாக்கும் மருந்தும் இல்லை.

இணையத்தில் பார்த்த, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியைத் தயவுசெய்து தூக்கி எறியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடித்தால் உடம்பைப் படுத்தி, குடியைத் தவிர்க்கவைக்கும் டைசல்ஃபிராம் மருந்தாக இருந்தால், அதை அறியாமல் அவர் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து உயிர்கூடப் போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. மேலும், அவர் உறையை நம்பிக் கொடுத்தது உங்களிடம்தான். அந்த நம்பிக்கையை இப்போது இழக்கக் கூடாது.

கல்லீரலின் நிலையை ஓர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பெரும்பாலும் சொல்லிவிடும். கொழுப்பு படிந்த நிலையிலேயே இருந்தால், குடி நின்றதும் பெரும்பாலும் தேறிவிடும். உங்கள் மகனுக்கும் தம்பியின் நோய் பரம்பரையாக வருமா என்ற கவலைக்கு இது நேரமில்லை.

எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், என்னென்ன மாத்திரை விழுங்குகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனதும் அந்த உறையைப் பற்றி முதலில் சொல்லுங்கள். மற்றவற்றை மருத்துவரே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார்.