அம்மாவின் வளையலை அடகு வைக்கும் முன்

தம்பிக்கு வணக்கம். நெல்லிக்குப்பத்திலிருந்து முதியோர் இல்ல வேலைக்கு இங்கிலாந்து வந்து பதினொரு மாதம் ஆகிறது என்றும், வாடகை முன்பணத்துக்காக ஓரிடத்தில் 300 பவுண்டும், அதை அடைக்க இன்னோரிடத்தில் 400 பவுண்டும் ‘பேடே லோன்’ (அடுத்த சம்பளத்தில் அடைப்பதாக வாங்கும் குறுகிய காலக் கடன்) வாங்கிவிட்டு, இப்போது இரண்டையும் கட்ட முடியாமல் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜெயிலில் போடுவார்களா, அம்மாவின் வளையல்களை மஞ்சக்குப்பத்தில் அடகு வைத்துப் பணம் அனுப்பச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். போடமாட்டார்கள், சொல்ல வேண்டாம்.

நான் கடலூர் முதுநகர்க்காரன், 2010இல் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோனது. அதைச் சரிசெய்ய அப்பா வாங்கிய தண்டலை அடைப்பதற்காக, 2013இல் நானும் இதே கடனில் 200 பவுண்டு வாங்கினேன். ஊரில் தண்டல்காரர் சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி, நோட்டில் வரவு வைத்துவிட்டுப் போவார்; இல்லையென்றால் நாளைக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வழியாவது இருந்தது. இங்கே ஆளே வரவில்லை. சம்பளம் விழுந்த அன்று விடிவதற்குள் என் டெபிட் அட்டை வழியாகப் பணத்தை எடுத்துவிட்டார்கள். ஆறு மணி ஷிப்டுக்குப் போக ஆய்ஸ்டர் பயண அட்டையில் பத்து பவுண்டு போடலாம் என்று கடையில் நின்றபோதுதான், கணக்கில் ஒன்றுமில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. பிறகு மாதம் 60 பவுண்டு கொடுத்துக் கடனைப் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். ஐந்து மாதத்தில் 300 பவுண்டு கட்டியும் அசல் 200 அப்படியே நின்றது. நம் ஊர் மீட்டர் வட்டிதான், ஆங்கிலம் பேசியது என்பது மட்டுமே வித்தியாசம்.

உங்கள் நிலைமை அத்தனை மோசமில்லை. 2015 ஜனவரி 2 முதல், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.சி.ஏ. ஆணையம் இந்தக் கடன்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: வட்டியும் கட்டணமும் சேர்த்து நாளொன்றுக்கு 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தவணை தவறினால் அபராதம் 15 பவுண்டுக்கு மேல் கூடாது. எல்லாம் சேர்ந்தாலும் வாங்கிய தொகைக்குச் சமமாகத்தான் கூடுதலாக வசூலிக்கலாம். ஆகவே 300 பவுண்டுக்கு முப்பது நாளில் வட்டி 72 பவுண்டு வரலாம், ஆனால் எத்தனை மாதம் இழுத்தாலும் மொத்தம் 600ஐத் தாண்டாது. புதுப்பித்தலும் இரண்டு முறைக்கு மேல் கிடையாது.

நாளைக் காலையில் முதல் வேலையாக வங்கிக்குப் பேசி, உங்கள் அட்டையிலிருந்து அந்த இரண்டு நிறுவனங்களும் பணம் எடுப்பதற்குக் கொடுத்திருக்கும் ‘கன்டினியூவஸ் பேமென்ட் அத்தாரிட்டி’ என்ற அனுமதியை ரத்து செய்யச் சொல்லுங்கள். நிறுவனத்திடம் கேட்டு வாருங்கள் என்று வங்கியில் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்னாலே நிறுத்த வேண்டியது வங்கியின் கடமை, சொன்ன பிறகும் பணம் போனால் அதைத் திருப்பித் தர வேண்டியதும் வங்கியே. இதைச் செய்யாமல் எந்தப் பேரத்தில் இறங்கினாலும், பேசிக்கொண்டிருக்கும்போதே சம்பளம் காணாமல் போய்விடும்.

அடுத்தது கடிதம். ஊரில் கடன் முற்றினால் பெரியவர் ஒருவரை அழைத்துப்போய்ப் பேசவைப்போம். இங்கே அந்தப் பெரியவரின் இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. சம்பளம், வாடகை, சாப்பாடு, பஸ், கரண்ட் என்று வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, மீதி எவ்வளவோ அதை இரண்டு கடன்களுக்கும் அவற்றின் அளவுக்கேற்பப் பிரித்துக் காட்டுங்கள். எடுத்துக்காட்டாக மாதம் 70 பவுண்டு மிஞ்சினால் ஒருவருக்கு 30, மற்றவருக்கு 40. பணச் சிக்கலில் இருப்பதாகத் தெளிவாகச் சொல்லி, வட்டியையும் கட்டணத்தையும் நிறுத்தக் கேளுங்கள். சிக்கலில் இருப்பவரிடம் பொறுமை காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. தொலைபேசியில் நயமாகப் பேசி நூறு பவுண்டு கட்டச் சொல்வார்கள், நாமும் மானத்துக்கு அஞ்சிச் சரி என்று சொல்லிவிடுவோம். நான் அப்படிச் சொல்லி இரண்டாம் மாதமே தவறினேன். எதையும் எழுத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். மொத்தமாகக் குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே இறங்கி வந்தால், மீதியைக் கேட்கமாட்டோம் என்ற கடிதம் கைக்கு வரும்வரை ஒரு பென்னிகூட அனுப்ப வேண்டாம்.

தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய ஆலோசனை அமைப்புகள் இலவசமாக உதவும். விசாவில் அரசு உதவிக்கு உரிமையில்லை என்று இருந்தாலும் இந்த ஆலோசனை அதில் சேராது. கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல் நடப்பிலுள்ள ‘பிரீதிங் ஸ்பேஸ்’ திட்டத்தில் அறுபது நாள் வரை வட்டியையும் வசூலையும் நிறுத்திவைக்க முடியும்.

ஜெயில் பயத்தை விடுங்கள். இது உரிமையியல் விஷயம், குற்ற வழக்கு அல்ல. வீட்டுக்கு வரும் வசூல்காரருக்கு உள்ளே நுழையவோ பாஸ்போர்ட்டைக் கேட்கவோ அதிகாரம் கிடையாது. ஆனால் கவுண்டி நீதிமன்றத்திலிருந்து உறை வந்தால் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். பதினான்கு நாளுக்குள் பதில் போக வேண்டும். கடன் பதிவேட்டில் இந்தத் தவறுதல் ஆறு ஆண்டு நிற்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரு கடன் நிலுவையில் இருப்பது தெரிந்தும் இரண்டாவது நிறுவனம் 400 பவுண்டு கொடுத்ததா என்பதையும் பாருங்கள். திருப்பிக் கட்டும் சக்தி உங்களுக்கு இருக்கிறதா என்று சரியாக விசாரிக்காமல் கொடுத்திருந்தால் அவர்களிடமே புகார் எழுதலாம்; எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால், அல்லது முடிவு திருப்தியில்லாவிட்டால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் நிதி ஓம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் போகலாம்.

வளையலைப் பற்றி: இங்கே உள்ள கடனுக்கு உச்சவரம்பு இருக்கிறது, பேசிக் குறைக்க இடமிருக்கிறது. அதை மஞ்சக்குப்பத்துக்கு மாற்றினால் வட்டி மாதாமாதம் ஓடும், தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அம்மா. இன்று இரவே அவருக்கு ஃபோன் செய்து, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.