மூன்று மன்றம், ஒரு பொங்கல் பானை: கேட்டவர்களுக்குப் பதில்

படிக்கும்போது என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர் செயலாளர், இப்போது ஒன்பது வருடமாக ஒரு கலைக் கல்லூரியில் நுண்கலை மன்றப் பொறுப்பாசிரியர். பல மன்றங்கள் கூடி நடத்தும் கல்லூரி விழாக்கள் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

சார், தமிழ் மன்றம், நுண்கலை மன்றம், என்.எஸ்.எஸ். மூன்றும் சேர்ந்து சமத்துவப் பொங்கல் வைக்க நினைத்தோம். அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வரணும் என்று முதல் கூட்டத்திலேயே சண்டை. (இரண்டாம் ஆண்டு மாணவர், திருச்சி)

பெயரை அகர வரிசையில் போட்டு முடித்துவிடுங்கள் தம்பி. யாருக்கு என்ன வேலை என்று இன்னும் பிரியவில்லை, அதனால்தான் எல்லோரும் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் முதல் வருடக் கூத்தைச் சொல்கிறேன். எல்லா வேலையையும் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்தோம். விடிந்து பார்த்தால் இரண்டு மைக் செட் வந்து நிற்கிறது, பால் வரவில்லை. 14 துறைக்கு 14 அடுப்பு, அடுப்புக்கு மூன்று செங்கல் என்று 42 செங்கல் கணக்காக வந்திருந்தது. விறகை மட்டும் முந்தின நாளே இறக்கி மைதானத்தில் திறந்தபடி போட்டுவிட்டார்கள். மார்கழிப் பனி சும்மா விடுமா? காலையில் ஒரே புகை. ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். முதல் பானை பொங்கும்போது மணி பதினொன்றரை, சிறப்பு விருந்தினர் கிளம்பிப் போயிருந்தார்.

அடுத்த வருடம் முழு வேலையாகக் கொடுத்தோம். அடுப்பு, பானை, விறகு, தண்ணீர், கடைசியில் சாம்பல் அள்ளுவது வரை என்.எஸ்.எஸ். மேடை, மைக், நிகழ்ச்சி நிரல் தமிழ் மன்றம். கோலம், பறை, ஒயிலாட்டம் நுண்கலை. பால் எங்கே என்று கேட்டால் ஒரே ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். விறகு ராத்திரி வராந்தாவில் தூங்கியது.

மூன்று மன்றத்துப் பணத்தையும் ஒரே கையில் கொடுத்துவிடலாமா? (பொருளாளர், மதுரை)

வேண்டவே வேண்டாம். எந்த மன்றத்தின் வேலையோ அந்த மன்றமே கடைக்காரருக்கு நேராகப் பணம் கொடுக்கட்டும், பில்லும் அதன் பெயரிலேயே இருக்கட்டும். முன்பணம் வாங்கியவர் செட்டில்மெண்ட் கொடுக்கும்போது பக்கத்து மன்றத்துப் பில்லை நீட்டினால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாழைமரம், பூ, வண்டிக்கூலி இதற்கெல்லாம் பில் கிடைக்காது. வவுச்சரில் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பூக்காரம்மாவை எங்கே தேடுவீர்கள்?

ஓ.டி. (விழா வேலைக்காக வகுப்புக்கு வராதவர்களுக்கும் வருகை தரும் 'ஆன் டியூட்டி') பட்டியலைத் துறைத் தலைவர் தூக்கிப் போட்டுவிட்டார் சார். மூன்று மன்றமும் தனித்தனியாகக் கொடுத்தோம். (பொறியியல் மாணவி, கோவை)

ஒரே பையன் பெயர் மூன்று பட்டியலிலும் இருந்திருக்கும். நானாக இருந்தாலும் தூக்கித்தான் போட்டிருப்பேன். 75 சதவீத வருகைக் கணக்கில் மாட்டப்போவது நீங்கள்தானே அம்மா? மூன்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல், துறைவாரியாக, ரோல் நம்பர் வரிசையில், எந்தப் பீரியட் என்பதோடு, விழாவுக்கு முன்பே கொடுங்கள். ஒத்திகைக்கு ஓ.டி. கேட்காதீர்கள்.

என்.எஸ்.எஸ்., ரோட்டராக்ட் (ரோட்டரி சங்கத்தின் இளைஞர் மன்றம்) இரண்டும் தனித்தனியாக ரத்ததான முகாம் நடத்துகின்றன. இணைக்கலாமா? (திட்ட அலுவலர் ஒருவர்)

இணைத்தே ஆக வேண்டும் சார். ஒருமுறை கொடுத்த ஆண் மூன்று மாதம், பெண் நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஒரு மன்றம் நடத்திவிட்டால், தேசிய தன்னார்வ ரத்ததான நாளான அக்டோபர் 1-க்கு இன்னொரு மன்றம் அதே பையன்களைக் கூப்பிட முடியாது. முதலாண்டில் நிறையப் பேருக்கு 18 வயது நிரம்பியிருக்காது. எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும் என்று வடிகட்டினால் இன்னும் குறையும். இருக்கிற கொஞ்சம் பேரை இரண்டு மன்றம் பங்கு போட முடியுமா? இன்னொன்று, நடனப் போட்டி நாளில் முகாம் வைக்காதீர்கள். காலையில் சாப்பிடாமல் ஆட வந்த பிள்ளை ஊசியைப் பார்த்ததும் சரிந்துவிடும்.

சினிமாப் பாட்டுப் போட உரிமம் வேண்டுமா?

பார்வையாளர்கள் உங்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால், கல்வி நிறுவன நிகழ்ச்சிகளுக்குப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு வெளியாட்களைக் கூட்டினால் அந்த விலக்கை நம்பாதீர்கள், உரிமம் வாங்குங்கள். ஒலிபெருக்கி அனுமதி தனி விஷயம். திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் கிடையாது.

பேப்பர் கப்பில் டீ கொடுக்கலாமா?

உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. விடுதி டம்ளரைக் கேளுங்கள், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள்.

நாற்காலி தூக்க மட்டும்தான் என்.எஸ்.எஸ்.காரர்களைக் கூப்பிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது அண்ணா. (மாணவர் செயலாளர், தூத்துக்குடி)

நானும் தூக்கியிருக்கிறேன் தம்பி. என் காலத்தில் ஒரு கலைவிழாவுக்கு 400 நாற்காலி போட்டு முடித்து நிமிர்ந்தால், முதல் நான்கு வரிசை மன்றத்தாருக்காம், பின்னால் போய் நில்லுங்கள் என்றார்கள். வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை என்பதில் பாதியை நாற்காலியிலேயே கழித்திருப்பேன். அதனால் ஒன்று செய்யுங்கள். தேதி குறிக்கும் முதல் கூட்டத்துக்கே போய் உட்காருங்கள். எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டால் வேலை செய்யத்தான் கூப்பிடுவார்கள். தொகுத்து வழங்கும் இருவரில் ஒருவர் உங்கள் ஆள் என்று அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

சிறப்பு விருந்தினர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால்?

பானை காத்திருக்காது. போன வருடம் அப்படித்தான் ஆனது. விடுதிச் சமையலறையில் இருபது வருடமாகப் பாத்திரம் கழுவும் அம்மாவைக் கூப்பிட்டு முதல் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னோம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தவர், விறகு அடுக்கியிருந்ததைப் பார்த்து, "இப்படி வெச்சா எப்படிப்பா எரியும்?" என்று முதலில் அதைப் பிரித்து அடுக்கினார்.