மாதா கோயில் இல்லாத மாதா கோயில் தெரு

வணக்கம் சார்,

பையன் வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல மாஸ்டர்ஸ் படிக்கிறான். போன மாசம் நானும் வீட்டம்மாவும் பத்து நாள் போய் இருந்துட்டு வந்தோம். கோட்டை, ஆர்கேட்னு சொல்ற கூரை போட்ட கடைச்சந்து, மார்க்கெட் எல்லாம் பாத்தாச்சு. உண்மையைச் சொன்னா ஏமாற்றம்தான். கோட்டைச் சுவரே பின்னாடி திரும்பக் கட்டினதாம். மத்ததெல்லாம் கடைத்தெரு. பழசுன்னு அங்க என்ன சார் இருக்கு? அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க.

அன்புள்ள நண்பருக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்கு அந்த ஊர் ஞாபகமாவேதான் இருந்தேன். எங்க அக்கா அங்க நர்ஸா வேலை பாத்தா. அவ தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சு. புத்தகத்தைப் பத்தி இன்னொரு நாள் பேசலாம்.

கோட்டையைப் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சு கோவம்தான் வந்துச்சு. சுவர் புதுசுன்னு யாரோ சொன்னதைக் கேட்டீங்களே தவிர சுவரைப் பாக்கல. கீழ ரோமானியர் வச்ச கல்லு, அதுக்கு மேல ஒரு வரி செவப்புக் கல்லு, அதுக்கும் மேல கோட்டைக்குச் சொந்தக்காரங்களா இருந்த ப்யூட் குடும்பம் கட்டினது. எது பழசு எது புதுசுன்னு வர்றவங்களுக்குத் தெரியணும்னே வச்ச வரி அது. ஏமாத்த நினைக்கிறவன் இப்படிக் கோடு போட்டுக் காட்டுவானா? ஆர்கேடைப் பத்தி பெருசா சொல்ல இல்ல, ராயல் ஆர்கேட் 1858-ல வந்தது, இன்னிக்கும் ஜனம் மழைக்கு அங்கதான் ஒதுங்குது, அது போதும்.

பழசுன்னா இடியாம நின்னாத்தான் பழசா? பத்து நாளும் செயின்ட் மேரி ஸ்ட்ரீட்ல நடந்திருப்பீங்க, அந்த மேரியோட சர்ச் எங்கன்னு ஒரு தடவையாவது தேடினீங்களா? கிடைக்காது. 1607 ஜனவரி வெள்ளத்துல அந்தச் சர்ச் பலமா அடி வாங்குச்சு, ஆறும் கரையை அரிச்சுக்கிட்டே வந்து கடைசியில இல்லாமலே போச்சு. ஆனா தெருப் பலகையில அந்த ஊர் மொழி வெல்ஷ்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா, ஹேயோல் எக்லுயிஸ் வைர். மாதா கோயில் தெருன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல மேரி மட்டும் மிச்சம், வெல்ஷ்ல கோயிலும் சேந்து நிக்குது. அக்காதான் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டினா, குளிர்ல பல்லு கிடுகிடுக்க. பக்கத்துலயே க்வே ஸ்ட்ரீட், அதாவது படகுத்துறைத் தெரு. கடைசி வரைக்கும் போனா தண்ணி இருக்காது, வெஸ்ட்கேட் ஸ்ட்ரீட்ல வண்டி ஓடிக்கிட்டிருக்கும். டாஃப் ஆறு ஓடின இடமே அதுதான். ரயில்வே ஸ்டேஷனுக்கு இடம் வேணும்னு 1850 வாக்குல ரயில்வே இன்ஜினியர் ப்ரூனெல் ஆத்தையே மேற்கால தள்ளி விட்டாரு.

மார்க்கெட்டை வெறும் கடைன்னு எழுதிட்டீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. மார்க்கெட் 1891-ல வந்தது, அதுக்கு முன்னாடி அங்க இருந்தது ஜெயிலு. 1831-ல வேல்ஸ்லயே மெர்தர்ங்கிற ஊர்ல தொழிலாளிங்க கிளர்ச்சி பண்ணினப்போ ஒரு சிப்பாய்க்குக் கால்ல குத்து விழுந்துச்சு. டிக் பெண்டெரின்னு 23 வயசுப் பையனைப் பிடிச்சாங்க. குத்து வாங்கின சிப்பாயே இவன்தான்னு அடையாளம் சொல்லல, ஆயிரக்கணக்கான பேரு கையெழுத்துப் போட்டு மனு குடுத்தாங்க, எதுவும் எடுபடல. ஆகஸ்ட் 13, அந்த ஜெயிலு வாசல்ல தூக்கு. ஆண்டவரே இது அநியாயம்னு வெல்ஷ்ல கத்திக்கிட்டே செத்தான்னு சொல்றாங்க. பல வருஷம் கழிச்சு அமெரிக்காவுல சாகக் கிடந்த இன்னொருத்தன் குத்தினது நான்தான்னு ஒத்துக்கிட்டானாம்.

மார்க்கெட்டோட செயின்ட் மேரி ஸ்ட்ரீட் பக்கத்து வாசல்ல டிக் பெண்டெரினுக்கு ஒரு சின்னப் பலகை இருக்கு, ஜனம் தோள்ல இடிச்சுக்கிட்டு உள்ள போகுது. அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் பையைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் நிப்பா. ஏன்க்கான்னு கேட்டா, அந்தப் பையனோட அம்மா வந்து நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்டான்னு மட்டும் சொன்னா.

உங்க பையன் அங்கதானே இருக்கான். சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனா அந்த வாசல் வழியா போகச் சொல்லுங்க.