ஒரு சுவர், ஒரு சாக்பீஸ், ஒரு பந்து: கால்பந்துப் பயிற்சி கேள்வி-பதில்

கேள்வி: மகனுக்கு 12 வயது. சனி, ஞாயிறு மட்டும்தான் கிளப்பில் பயிற்சி. மற்ற நாட்களில் தெருவில் தனியாகப் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறான். தனியாகச் செய்கிற மாதிரி பயிற்சி இருக்கிறதா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: நிறையவே இருக்கிறது அம்மா. பக்கத்தில் ஜன்னல் இல்லாத சுவர் ஒன்று இருந்தால் போதும். நெதர்லாந்தின் டென்னிஸ் பெர்காம்ப் சின்ன வயதில் சுவரில் பந்தடித்தே பழகியவர். 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், அர்ஜென்டினாவுக்கு எதிராக அவர் போட்ட கோலை மகனுக்குக் காட்டுங்கள். வெகு தூரத்திலிருந்து வந்த பந்தை முதல் தொடுதலில் இறக்கினார், இரண்டாவதில் எதிராளியைத் தாண்டினார், மூன்றாவதில் கோல். அந்த முதல் தொடுதலைத்தான் சுவர் கற்றுக்கொடுக்கும்.

சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே சாக்பீஸால் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நின்று, பாதத்தின் உள்பக்கத்தால் அந்தக் கட்டத்துக்குள் அடிக்க வேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், விரல்கள் சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். அடிக்கிற காலின் விரல்கள் மேல்நோக்கி, கணுக்கால் இறுக்கமாக. கணுக்கால் தளர்ந்தால் பாஸ் செத்துவிடும், இதை முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். திரும்பி வரும் பந்தை வாங்கும்போது மட்டும் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். பந்தைக் காலடியில் அப்படியே நிறுத்தக் கூடாது. அரை அடி பக்கவாட்டில் தள்ளி, அங்கிருந்தே அடுத்த பாஸ் போக வேண்டும். ஆட்டத்தில் நின்ற இடத்தில் பந்தை நிறுத்தினால் எதிராளி வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

இது கைவந்த பிறகு, வலது காலால் அடித்து இடது காலால் வாங்கட்டும். அப்புறம் நீங்கள் உதவுங்கள். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து சுவருக்குப் போய்த் திரும்புகிற நேரத்துக்குள் அவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை என்று சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பிள்ளைகளிடம் மிகவும் குறைவாக இருப்பது இந்தப் பழக்கம்தான். வித்தையெல்லாம் செய்கிறார்கள், ஆனால் பந்து வருவதற்கு முன்னால் சுற்றிப் பார்ப்பதில்லை. தினம் இருபது நிமிடம் போதும். அவனாகவே இன்னும் ஆடினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பந்தைக் கீழே விடாமல் நூறு தடவை தட்டினால்தான் நல்ல ஆட்டக்காரனா? (14 வயது வாசகர், வேலூர்)

பதில்: இல்லை தம்பி. பந்தோடு பழக அது நல்லது, விடாதே. ஆனால் எண்ணிக்கையைத் துரத்தாதே. வலது, இடது, தொடை என்று மாற்றி மாற்றித் தட்டு.

கேள்வி: அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் நான். பிள்ளைகள் 24 பேர், பந்துகள் நான்கே. வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக கோனைச் சுற்றி ஓட்டி, கோலுக்கு அடிக்க வைக்கிறேன். பாதிப் பேர் ஆர்வம் இழந்துவிடுகிறார்கள். (சிவகங்கை)

பதில்: சார், நாலு பந்து இருக்கிறதே, அது போதும்! முதலில் வரிசையைக் கலைத்துவிடுங்கள். வரிசையில் நிற்கிற பிள்ளை பெரும்பாலான நேரம் முன்னால் இருப்பவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்படி அடிக்கும்போது எதிரே யாரும் இல்லை, முடிவு எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆட்டத்தில் அப்படி ஒரு நிலைமை வருவதே அபூர்வம்.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டரில் நான்கு கட்டங்கள் போடுங்கள், சுண்ணாம்புக் கோடு போதும். கட்டத்துக்கு ஆறு பேர், ஒரு பந்து. நான்கு பேர் ஓரங்களில் நின்று பாஸ் செய்ய, இரண்டு பேர் நடுவில் நின்று பறிக்க வேண்டும். யார் பாஸ் பறிபோகிறதோ அவர் நடுவுக்குப் போவார். இதற்கு ராண்டோ என்று பெயர், ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் பயிற்சியில் இது தினசரிப் பழக்கம். தொடக்கத்தில் எத்தனை தொடுதல் வேண்டுமானாலும் அனுமதியுங்கள், பழகியதும் இரண்டாகக் குறையுங்கள். பந்து அடிக்கடி பறிபோனால் கட்டத்தைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் ஒருவரை மட்டும் பறிக்க விடுங்கள். பந்து இல்லாதவன் பாஸ் வாங்குகிற கோணத்துக்கு நகர்கிறானா என்று பாருங்கள். கத்திச் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான்.

பிறகு நாலுக்கு நாலாக ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் வையுங்கள். கோல்கீப்பர் வேண்டாம். இரண்டு செருப்பு வைத்தால் கோல் ரெடி. ஆளுக்கு எத்தனை முறை பந்து கிடைக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சென்னை வியாசர்பாடியில் பிள்ளைகள் இப்படிக் குறுகிய இடத்தில் ஆடித்தான் வேகமாக யோசிக்கப் பழகுகிறார்கள்.

கேள்வி: 9 வயதுப் பையனுக்கு ஹெட்டிங் (பந்தைத் தலையால் அடிப்பது) சொல்லிக்கொடுக்கலாமா? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: இப்போது வேண்டாம். அமெரிக்காவில் 2015லேயே 10 வயது வரை ஹெட்டிங் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்திலும் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் இல்லை. பந்தையும் கவனியுங்கள்: அவன் வயதுக்கு 4ஆம் எண் பந்து போதும், பெரியவர்களின் 5ஆம் எண் பந்து கனம்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, மாவட்ட அணியில் ஆடுகிறாள். கூட ஆடும் பெண்ணுக்கு முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. (கடலூர்)

பதில்: பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த வயதுப் பெண்களுக்கு அந்தக் காயம் பையன்களைவிட அதிகம் வருகிறது. அதற்காக ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். ஃபிஃபா 11+ என்கிற வார்ம்-அப் இருக்கிறது. ஓட்டம், வலு, சமநிலை, குதித்து இறங்குதல் எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் ஆகும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2008ல் வெளியானது. இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. வாரத்தில் இரண்டு முறையாவது செய்ய வேண்டும்.

குதித்து இறங்கும்போது அவள் முழங்கால்களை முன்னால் நின்று பாருங்கள். இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் அதுதான் ஆபத்து. முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும், இடுப்பும் முட்டியும் மடங்கி, சத்தம் வராமல் இறங்க வேண்டும். இந்த வார்ம்-அப் பற்றி அவளுடைய கோச்சிடம் கேளுங்கள். மொத்த அணிக்கும் செய்யச் சொல்லுங்கள்.