கலைக்காமல் விட்ட மேசை

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்த நாளிலிருந்து அதையே நினைத்துக்கொண்டு திரிகிறேன். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், மகள் கிரேட் 8, பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு சாப்பாட்டு மேசையில் இருந்து கொமிக்ஸ் கீறத் தொடங்கினால் படுக்கும் வரைக்கும் கீறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். சொந்தக்காரர் ஒருவர் கணக்கு ரியூசனில் போடச் சொல்கிறார், இன்னொருவர் பரதநாட்டியத்தில் சேர்க்கச் சொல்கிறார். ஆசிரியர் மட்டும் "அவளுடைய விருப்பத்துக்கு விடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார். விடுவது என்றால் என்ன, விட்டால் பிள்ளை கைமீறிப் போய்விடாதா என்று கேட்டிருந்தீர்கள்.

நான் 2003இல் இங்கே வந்தேன். அப்போது மகனுக்கு 3 வயது. மகள் இங்கேதான் பிறந்தாள். மகனுக்கு 12 வயதானபோது அவனுடைய கிழமை எப்படி இருந்தது தெரியுமா? திங்களும் புதனும் கணக்கு. செவ்வாய் நீச்சல். வியாழன் மிருதங்கம். சனி காலையில் தமிழ் வகுப்பு, மத்தியானம் திரும்பவும் மிருதங்கம். ஞாயிறு ஆங்கிலம் எழுதப் பழகுவது. வெள்ளி கோயில். பிள்ளையை வருத்துகிறோம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஷெல்லடிக்குள்ளே பள்ளிக்கூடம் நடந்தும் நடக்காமலும் படித்தவர்கள் நாங்கள். ஒரு பிள்ளை பயமில்லாமல் வகுப்புக்குப் போய் வருவதே எங்கள் கண்ணுக்குப் பெரிய பாக்கியம். நானும் அவரும் ஆளுக்கு இரண்டு வேலை செய்து அந்த வகுப்புகளுக்குக் காசு கட்டினோம்.

அந்த வருடம் மார்ச் விடுமுறைக்கு ஊரிலிருந்து விருந்தினர் வருகிறார்கள் என்று பேஸ்மன்றைத் துப்பரவாக்கினேன். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பின்னால் ஒரு பெரிய கார்ட்போட் பெட்டி பக்கவாட்டில் கிடந்தது. உள்ளே கறுப்புத் தாளில் ஒரு வீதி. சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாளைக் கண்ணாடியாக இழுத்துக் கட்டிய பஸ் தரிப்பிடம். பஞ்சால் பனி. நடுவில் களிமண்ணில் செய்த, விரலளவு உயரமான ஒரு மனுசி. கையில் ஒரு பை. பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் எங்கள் பழைய டிஜிட்டல் கமராவை ரேப்பால் ஒட்டியிருந்தான். எனக்கு அது ஏதோ முடிந்துபோன பள்ளி வேலை. எல்லாவற்றையும் உடுப்புக் கூடைக்குள் அள்ளிப் போட்டேன். மனுசி நசிந்துபோனாள்.

பின்னேரம் வந்து பார்த்தவன் கத்தவில்லை. கூடைக்குள் கையை விட்டு அந்த மண் உருண்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "அம்மா, அவ இன்னும் பஸ்ஸிலை ஏறவேயில்லை" என்றான்.

பிறகு கமராவை எடுத்துக் காட்டினான். அவன் செய்துகொண்டிருந்தது ஸ்டொப் மோஷன் படம். ஒரு நொடிக்கு 12 படம் என்று கணக்கு வைத்திருந்தான். பொம்மையின் கையை ஒரு நூலளவு நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, திரும்ப நகர்த்துவது. இரண்டு கிழமையாக, நான் வேலையால் வருவதற்கு முன் கிடைத்த அரை மணி அரை மணியாக, 400 படம் எடுத்திருக்கிறான். ஓடவிட்டால் 33 நொடி. அந்த 33 நொடியில் ஒரு மனுசி குளிரில் காலை மாற்றி மாற்றி வைக்கிறாள், பையைக் கீழே வைக்கிறாள், கைகளை ஊதுகிறாள், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். அவளுடைய கோட் ஊதா நிறம். என்னுடைய கோட்டும் ஊதா. விடியப்புறம் ஐந்து மணிக்கு நான் பஸ்ஸுக்குப் போவதை அவன் ஜன்னலால் பார்த்திருக்கிறான். எனக்கு இத்தனை வருடமும் அது தெரியாது.

ஏழு நாளும் வகுப்பும் கோயிலுமாக வைத்திருந்த பிள்ளை, எங்களுக்குத் தெரியாமல் களவாக எடுத்த அரை மணியில் என்னைத்தான் பார்த்துச் செய்திருக்கிறான். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

ஸ்டொப் மோஷனில் ஒரு விசயம் இருக்கிறது. எடுத்துக்கொண்டிருக்கும்போது மேசை இடம் மாறினால் போச்சு. வெளிச்சம் மாறினாலும் படம் துள்ளும். அவனுக்குத் தேவைப்பட்டது புதிய கமராவோ வகுப்போ இல்லை. ஒருவரும் தொடாத ஒரு மேசையும், ஒருவரும் கூப்பிடாத கொஞ்ச நேரமும்தான். நாங்கள் ஞாயிறு வகுப்பை நிற்பாட்டினோம், பேஸ்மன்றின் ஒரு மூலையை அவனுக்கு விட்டோம். அவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "காசு கட்டி வாங்குகிற வகுப்பை விட்டுப்போட்டு மண் உருட்டுறதோ?" என்று கேட்டார். அவருடைய பயம் எனக்கும் இருந்தது. இங்கே எங்களைத் தாங்க அண்ணன் தம்பி, காணி பூமி ஒன்றும் இல்லை. பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கையிருப்பு. உங்கள் வீட்டுக்காரருக்கும் அதே பயம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

பிறகு நான் இன்னொரு பிழை விட்டேன். இதை முக்கியமாகக் கேளுங்கள், பாசத்தால் விடுகிற பிழை இது. அவனுடைய அடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டேன். ஒரே பாராட்டு. மாமிமார் பிறந்தநாளுக்குச் செய்து தரச் சொன்னார்கள். நானும் ஒரு படத்துக்கு 20 டொலர் தருகிறேன் என்றேன். மூன்று செய்தான். நாலாவதற்குப் பெட்டியைத் திறக்கவில்லை. நாலு மாதம் அந்த மூலையில் தூசிதான்.

கன நாளைக்குப் பிறகு ஒரு பெற்றோர் கூட்டத்தில் பேச வந்தவர் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1973இல் வெளியானது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில், படம் கீறுவதில் தாங்களாகவே விருப்பம் உள்ள சின்னப் பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், கீறினால் பரிசுப் பத்திரம் தருவோம் என்று முதலே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு ஒன்றும் சொல்லாமல், கீறி முடிந்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றுமே இல்லை. சில நாட்கள் கழித்து அதே பேனைகளை வகுப்பில் சும்மா வைத்துப் பார்த்தால், பரிசுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் அதைத் தொட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது என் கண்முன்னே அந்தத் தூசி படிந்த பெட்டிதான் வந்தது. அவனுடையதாக இருந்ததை நான் என்னுடையதாக்கிவிட்டேன்.

அதனால் உங்கள் மகள் கீறுவதை வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம். அவள் கேட்டாலொழிய ஒருவருக்கும் காட்டவேண்டாம். "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போவதைவிட, "இந்தப் பிள்ளை ஏன் கதவுக்குப் பின்னாலை நிக்குது?" என்று ஒன்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எட்டு மாதம் முன்புதான் வந்த பிள்ளை என்றபடியால் இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: அந்தக் கொமிக்ஸில் ஆட்கள் என்ன மொழியில் கதைக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? பகல் முழுக்க வகுப்பில் வாயைத் திறக்கப் பயந்து இருக்கிற பிள்ளை, பின்னேரம் பேச்சுக் குமிழிக்குள்தான் வாய்விட்டுக் கதைக்கிறதோ தெரியாது. அந்த நேரத்தையும் ரியூசனுக்குக் கொடுத்தால், அவள் கதைக்க வேறு இடம் எது?

சரி, பள்ளி விசயத்துக்கு வருகிறேன். உங்கள் சொந்தக்காரர் பயப்படுத்தும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்க 30 கிரெடிற், அதாவது பாட அலகுகள், வேண்டும். அதில் கலைப் பாடம் ஒன்று கட்டாயம். கணக்கு 3 கட்டாயம். ஆகவே ஓவியம் எடுத்தால் கணக்கு போய்விடும் என்பது வீண் பயம். 2022 முதல் கிரேட் 9 பாடங்களில் பல்கலைக்கழகப் பிரிவு, மற்றப் பிரிவு என்று பிரிப்பதும் இல்லை, எனவே அந்த வயதில் எடுக்கிற முடிவால் எந்தக் கதவும் சாத்தப்படாது. கிரேட் 12இல் பல்கலைக்கழகங்கள் பார்ப்பது யூ (பல்கலைக்கழகத்துக்கானது) அல்லது எம் (பல்கலைக்கழகம், கல்லூரி இரண்டுக்குமானது) என்று குறிக்கப்பட்ட ஆறு பாடங்களின் புள்ளியை. ஓவியம் எம் வகையைச் சேர்ந்தது. பொறியியலுக்குப் போகிற பிள்ளைகூட, கட்டாயப் பாடங்களுக்கு மேலே வரும் ஆறாவது பாடமாக அதை வைக்கலாம். அனிமேஷன், ஓவியம் என்று போக விரும்பினால் பெரும்பாலும் போட்ஃபோலியோ, அதாவது தான் செய்தவற்றின் தொகுப்பு, கேட்பார்கள். இப்போது கீறுவதைத் தேதி போட்டு ஒரு பைலில் வைக்கச் சொல்லுங்கள், போதும்.

ரிப்போட் காட் வந்தால் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். பொறுப்பு, ஒழுங்குபடுத்தல், தனியாக வேலைசெய்தல், சேர்ந்து வேலைசெய்தல், தானாக முன்வருதல், தன்னைத்தான் நெறிப்படுத்தல் என்று ஆறு விசயங்களுக்கு எழுத்தில் மதிப்பீடு இருக்கும். நாங்கள் பல வருடம் அதை வாசிக்கவே இல்லை. மிருதங்கமும் மூன்று ரியூசனும் இருந்த காலத்தில் என் மகனுக்குத் 'தானாக முன்வருதல்' என்பதில் கிடைத்தது திருப்தி என்ற மட்டம். யாராவது சொன்னால் செய்வான், சொல்லாவிட்டால் நிற்பான். எப்போதும் யாராவது சொல்லிக்கொண்டே இருந்தோம்தானே.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரிய செலவு தேவையில்லை. ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், அட்டை இலவசம், பிந்திக் கொடுத்தால் தண்டப்பணம் என்பதை 2022இல் எடுத்துவிட்டார்கள். கொமிக்ஸ் புத்தகங்கள் அலுமாரி அலுமாரியாக இருக்கும். சில கிளைகளில் கிற்றார் போன்ற வாத்தியங்களை இரவல் எடுக்கலாம். ஸ்காபரோ சிவிக் சென்ரர் கிளையில் கணினி, 3டி பிரின்ரர் எல்லாம் பாவிக்கக் கிடைக்கும். நகரத்தில் இருக்கிற ஒன்ராறியோ ஓவியக்கூடம் 25 வயது வரையானவர்களுக்கு இலவசம். அங்கே கூட்டிப் போனால் எல்லா மண்டபமும் சுற்றவேண்டும் என்று இழுக்காதீர்கள், ஒரு படத்துக்கு முன்னால் அரை மணி நின்றால் நிற்கட்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநகரசபையின் வெல்கம் பொலிசி என்ற திட்டமும் இருக்கிறது, அதற்கு விண்ணப்பித்து அனுமதி கிடைத்தால் பொழுதுபோக்கு வகுப்புகளுக்கான காசை ஒரு அளவுவரை அவர்களே பொறுப்பார்கள். என் மகனுக்கு நோர்மன் மக்லாரன் என்ற அனிமேஷன் கலைஞரின் படங்களைக் காட்டியது ஒரு நூலகர்தான். மக்லாரன் கனடா தேசியத் திரைப்படச் சபையில் 1941 முதல் வேலை செய்தவர், 1952இல் உயிருள்ள மனிதர்களையே பொம்மைகள் மாதிரிப் படம் படமாக எடுத்து அசைய வைத்தவர். அந்தச் சபையின் படங்கள் நிறைய அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவளோடு இருந்து பாருங்கள். ஃபேர்னஸுக்குப் பின்னால் தான் ஒளித்துச் செய்தது ஒரு பெரிய மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை என்று தெரிந்த அன்று, அவன் வீட்டுக்கு வந்து படியிலேயே இருந்து அரை மணி கதைத்தான்.

விடுவது என்றால் எல்லாவற்றையும் விடுவது இல்லை. எங்கள் வீட்டில் பத்து மணிக்குப் படுக்கை, அதில் பேச்சில்லை. வீட்டுப்பாடம் முதலில். போனில் கீறுவது வேறு, போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பது வேறு, அதில் கண் வைத்திருங்கள். கணக்கில் உண்மையாகவே பின்னுக்கு நின்றால் ரியூசன் பிழையில்லை, ஒரு நாள் வையுங்கள். பரதநாட்டியத்துக்கும் நான் எதிரியில்லை. என் மகள் நாலு வயதில் தானாகக் கேட்டுச் சேர்ந்தவள், ஒருவரும் சொல்லாமலே குசினிக்குள் அடவு பிடித்துக்கொண்டு நிற்பாள். மகனோ ஏழு வருடம் மிருதங்கம் படித்தும், வகுப்பில்லாத நாளில் ஒருநாள்கூட அதன் உறையைக் கழற்றியதில்லை. அரங்கேற்றத்துக்கு மண்டபம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதை விடுவதற்கு எனக்கு ஒரு வருடம் எடுத்தது, அழுதும் இருக்கிறேன். குருவிடம் அவனையே கூட்டிப்போய், நன்றி சொல்லி, காலில் விழுந்துவிட்டு வரச் செய்தோம். சும்மா நின்றுபோக விடவில்லை.

இப்போது அவனுக்கு 25 வயது. ஒரு அலுவலகத்தில் வரைபடம் தயாரிக்கிற வேலை. இரவில் இன்னும் மண் உருட்டுகிறான், அதில் காசு வருவதில்லை, வரவேண்டும் என்று அவன் கேட்கவும் இல்லை. அந்த ஊதாக் கோட் மனுசியைத் திரும்பச் செய்து, இரண்டு வருடம் கழித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

கிரேட் 9க்கான பாடத் தெரிவுப் படிவம் பனிக்காலத்தில் வரும். முதலில் அவளையே நிரப்ப விடுங்கள், பிறகு மூவரும் இருந்து கதையுங்கள். மற்றது, ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்காக மேசையை ஒதுக்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பாதி கீறிய தாளை அடுக்கி எடுத்தால் அடுத்த நாள் திரும்ப முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். எங்கள் கராஜில் ஒரு மடிக்கிற மேசை இருக்கிறது, இரண்டடிக்கு நாலடி, ஒரு கால் கொஞ்சம் ஆடும், கீழே மட்டை வைத்தால் சரி. உங்கள் அப்பார்ட்மன்றில் ஜன்னலோரம் அதற்கு இடம் காணும். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போங்கோ.